மேடைத் தலைக்கவசமும் வரலாற்று உண்மையும்

வரலாற்றை எழுதுபவனுக்குக் கிடைக்கும் ஒரு வசதி அதனை நடித்துக் காட்டுபவனுக்குக் கிடைப்பதில்லை. சான்று போதாத இடத்திலே, ‘இவ்வாறு இருந்திருக்கலாம்’ என்று எழுதிவிட்டு ஆசிரியன் அடுத்த பந்திக்குச் சென்றுவிடலாம். நடிகனோ தலையிலே ஏதேனும் ஒன்றை அணிந்துகொண்டு மேடைக்கு வரவேண்டும். அன்றேல் வெறுந்தலையோடு வரவேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அது ஒரு வரலாற்றுக் கூற்றாகிவிடுகின்றது. மேடையின் முன்னே மணலிற் குந்தியிருக்கும் சிறுவன் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றான். பின்னர் எத்தனை நூல்களைப் படித்தாலும் அரசன் என்றதும் அவன் மனக்கண்ணிலே தோன்றுவது அந்தத் தலையணியே.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழங்காலப் போர்களையும் வாழ்க்கை முறைகளையும் உடுப்பு, படைக்கலம் முதலியவற்றோடு மீள நடித்துக் காட்டும் குழுக்கள் பல உள்ளன. வைக்கிங் எனப்படும் வடபுலக் கடலோடிகளின் உருக்குத் தலைக்கவசத்தை எவ்வாறு தெரிவு செய்வது, எவ்வாறு பேணுவது என்பது அக்குழுவினரிடையே பெரிதும் ஆராயப்படும் விடயமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறையிலே நின்று நோக்கும்போது இவ்வினா எமக்கும் அந்நியமானதன்று. எமது ஊரிலே ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியன்று, முத்துமாரி அம்மன் கோவிற் தீர்த்த உற்சவத்தோடு இணைந்து இந்திர விழா நடைபெறுகின்றது. வீதியெங்கும் அலங்காரமும் இரவெல்லாம் கலை நிகழ்ச்சிகளும் நிறைந்த அத்தகைய விழாவொன்றிலே, யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சியை நாடகமாக்க இளைஞர் சிலர் எண்ணுவதாகக் கொள்வோம். யார் தலையிலே எதனை வைப்பது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொம்பு முளைத்த கதை

முதலில் வைக்கிங் தலைக்கவசத்தின் வரலாற்றை நோக்குவோம். ஏனெனில், மேடை எவ்வாறு வரலாற்றை ஆக்கிவிடுகின்றது என்பதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. வைக்கிங் என்றதும் இருபுறமும் கொம்பு நீட்டிய இரும்புத் தொப்பியே உலகெங்கும் பலர் நினைவுக்கு வருகின்றது. ஆயின், வைக்கிங் காலத்தைச் சேர்ந்த கொம்புடைய தலைக்கவசம் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. 1943 ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டின் ஜேர்முண்டுபு என்னும் பண்ணையிலே துண்டுகளாகக் கிடைத்து, பின்னர் பொருத்தி அமைக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டுத் தலைக்கவசமே அக்காலச் சான்றுகளுள் தலையாயது. இரும்புத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்த உருண்டை வடிவம். உச்சியிலே சிறு முனை. கண்களையும் மூக்கையும் காக்க மூக்குக்கண்ணாடி போன்றதோர் இரும்புச் சட்டம். கொம்புக்கு அதில் இடமே இல்லை.

கொம்புடைய தலைக்கவசங்கள் அப்புலத்திலே முற்றாக இல்லாதன அல்ல. 1942 இலே டென்மார்க்கின் வெக்சோ என்னுமிடத்திற் சதுப்பு நிலத்திலிருந்து அத்தகைய இரண்டு கிடைத்தன. அவையோ வெண்கலத்தாலானவை, கி.மு. 900 ஆம் ஆண்டளவைச் சேர்ந்தவை. வைக்கிங் காலம் தொடங்குவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை. இவற்றைக் கண்டு பின்வந்தோர் மயங்கினர் என்றும் கூறமுடியாது. கொம்பின் கதை அவற்றுக்கு முன்னரே பரவிவிட்டது. 1876 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பைரொயித் நகரில் வாக்னரின் இசைநாடகத் தொகுதி முழுமையாக மேடையேறியபோது, அதற்கு உடுப்பு வரைந்த கார்ல் எமில் டொப்ளர் பாத்திரங்கள் சிலவற்றுக்குக் கொம்புடைய தலையணிகளை அமைத்தார். அந்த நாடகம் ஊரூராகச் சென்றது. படங்களும் சிறுவர் நூல்களும் அதனைப் பின்பற்றின. ஓர் உடுப்புக் கலைஞரின் கற்பனை ஓரினத்தின் முகமாகவே மாறியது.

எமது மேடையின் முடி

இதனைப் படித்து நகைக்கும் உரிமை எமக்கு இல்லை. எமது மேடைகளிலே சோழனும் பாண்டியனும் சங்கிலியனும் பண்டாரவன்னியனும் ஒரே முடியைத்தான் சூடிக்கொள்கின்றனர். காக்காய்ப்பொன் ஒட்டிய அட்டை முடி, மினுங்கும் மார்புக் கவசம், தோளிலிருந்து நிலந்தோயும் பட்டுப் போர்வை என்னும் இவை எந்த நூற்றாண்டுக்கும் உரியன அல்ல. இவற்றுட் சில பார்சி நாடகக் குழுக்கள் வழியே தமிழ்நாட்டு மேடைக்கு வந்து, அங்கிருந்து ஈழத்துக்கு வந்தன. இரவிவர்மாவின் அச்சுப் படங்களும் பின்னர் திரைப்படமும் அவற்றை நிலைபெறச் செய்தன. 1959 இலே வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தைக் கண்டவர்களுக்கு, ஒரு பாளையக்காரனின் தோற்றம் பேரரசன் ஒருவனின் தோற்றமாகவே பதிந்துவிட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். நாட்டுக்கூத்திலே அரசன் அணியும் முடி இக்குறைக்கு உட்பட்டதன்று. கூத்து, தான் காட்டுவது ‘உள்ளபடியான’ உலகம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. அங்கே முடி ஓர் அடையாளம். பாத்திரத்தின் தகுதியைச் சபையோருக்கு அறிவிப்பது. தாளக்கட்டும் ஆட்டமும் எவ்வாறு மரபோ, அவ்வாறே முடியும் மரபு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் புதுக்கி மேடையேற்றியபோது, அம்மரபின் அழகை நகர மக்களும் உணர்ந்தனர். கர்ணன் உண்மையில் எதனை அணிந்தான் என்று அங்கே எவரும் வினவவில்லை, வினவத் தேவையுமில்லை. ஆண்டும் நாளும் குறிப்பிட்டு, ‘இது நடந்தது’ என்று கூறும் வரலாற்று நாடகத்தின் நிலை வேறு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘சங்கிலி’ (1956) போன்ற நாடகங்களை மேடையேற்றுவோர், வசனத்துக்குக் காட்டும் பொறுப்பை உடுப்புக்கும் காட்டுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த இரும்பு

யாழ்ப்பாண வரலாற்று நாடகத்திலே ஐரோப்பிய உருக்குத் தலைக்கவசத்துக்கு உரிய இடம் எது? போர்த்துக்கேயரின் வருகையே அவ்விடம். 1560 இலே கோவாவிலிருந்து பிரதிராசா கொன்ஸ்தந்தினோ த பிறகன்சா படையோடு வந்து நல்லூரைத் தாக்கினான். 1591 இலே அந்திரே பூர்த்தாடோ த மென்டொன்சா வந்தான். 1619 இலே பிலிப் த ஒலிவேறா சங்கிலி குமாரனை வென்று யாழ்ப்பாண அரசின் தனியாட்சிக்கு முடிவு கட்டினான். அரசன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மரணதண்டனைக்கு உள்ளானான்.

இம்மூன்று படையெடுப்புக்களுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்துள்ளன. எமது மேடைகளோ 1560 இன் சங்கிலியையும் 1619 இன் சங்கிலி குமாரனையும் ஒருவராகவே ஆக்கிவிடுவதுண்டு. அறுபது ஆண்டுகளில் ஐரோப்பியத் தலைக்கவசமும் மாறியது. நடுவிலே சேவலின் கொண்டை போல உயர்ந்த முகடும், முன்னும் பின்னும் படகின் அணியம்போல் மேல்நோக்கி வளைந்த விளிம்பும் கொண்ட ‘மொறியன்’ என்னும் வகை பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கே சிறப்பாக உரியது. முகடின்றி, வாதுமைக் கொட்டை போல் உச்சி கூம்பி, சிறு காம்பும் ஒடுங்கிய விளிம்பும் உடையது அதே காலத்து மற்றொரு வகை. எனவே, தலைக்கவசத்தை வாங்குவதற்கு முன் ஆண்டைத் தீர்மானித்தல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது, படையிலுள்ள அனைவருக்கும் அத்தலைக்கவசம் பொருந்துமா என்பது. போர்த்துக்கேயர் இலங்கையில் நடத்திய போர்களிலே அவர்தம் படையின் பெரும்பகுதி ‘லஸ்கரீன்’ எனப்பட்ட உள்நாட்டு வீரர்களால் ஆனது. அவர்களுக்கு இரும்புத் தொப்பி இல்லை. போர்த்துக்கேயருங்கூட எப்போதும் இரும்பிலே மூடுண்டு திரியவில்லை. அக்கால யப்பானிய ஓவியத் திரைகளிலே அவர்கள் உயர்ந்த துணித் தொப்பியோடும் தொளதொளத்த காற்சட்டையோடுமே காட்சியளிக்கின்றனர். மறுபுறத்திலே யாழ்ப்பாண அரசனின் பக்கத்தில் வடுகர் எனப்பட்ட கூலிப்படையினரும் நின்று போரிட்டனர். ஆகவே, ஒருபுறம் இரும்புத்தலை அந்நியர், மறுபுறம் பொன்முடித் தமிழர் என்று மேடையை இரண்டாகப் பிரிப்பது கண்ணுக்கு எளிது, வரலாற்றுக்கு மாறானது. யார் யாருடைய படையில் நின்றனர் என்னும் கசப்பான உண்மையை அந்தத் தலையணிகள் மறைத்துவிடுகின்றன.

யாழ்ப்பாண அரசரின் முடியைப் பற்றிய சான்றுகளை எங்கே தேடலாம்? அவர்கள் வெளியிட்ட சேது நாணயங்களிலே ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் நந்தியும் ‘சேது’ என்னும் எழுத்துக்களும் உள்ளன. அவ்வுருவம் கோடுகளாலான சிற்றுருவம். அதிலிருந்து முடியின் வேலைப்பாட்டை வரைந்துவிட முடியாது. அதே நூற்றாண்டுக்குரிய இன்னொரு சான்று ஜேர்மனியின் மியூனிக் நகர அரசமாளிகைக் கருவூலத்தில் உள்ளது. கோட்டை அரசிலிருந்து 1540களின் தொடக்கத்தில் லிஸ்பன் நகருக்குத் தூது சென்றது. தர்மபாலனின் உருவத்துக்குப் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யோவான் முடிசூட்டும் காட்சி அங்குள்ள யானைத்தந்தப் பேழையிலே செதுக்கப்பட்டுள்ளது. அது யாழ்ப்பாணமன்று. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டு இலங்கைச் சிற்பி தன் கண்ணால் அறிந்த அரசத் தோற்றத்தைக் காட்டுவது. ஏறத்தாழ 1540 இலே கோவாவைச் சார்ந்து வரையப்பட்டு, இப்போது உரோமாபுரியின் கசனத்தென்சே நூலகத்திலுள்ள ஓவியத் தொகுதியும் ஆபிரிக்காவின் கீழ்க்கரை முதல் சீனம் வரையிலான மக்களின் உடைகளைக் காட்டுகின்றது. இத்தகைய சான்றுகளிலிருந்து அமைக்கும் அடக்கமான முடியொன்று அட்டை முடியைப்போல மினுங்காது. அதனினும் நம்பத்தக்கதாக இருக்கும்.

தெரிவு

ஆண்டும் பாத்திரமும் தீர்மானமான பின்னரே கொல்லனிடம் செல்லுதல் தகும். மேடையிலே நிற்கவும் நடக்கவும் மட்டும் அணியும் தலைக்கவசத்துக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லுருக்குத் தகடு போதும். அது ஒன்றரைக் கிலோகிராம் அளவில் அமையும். மழுங்கிய வாளாயினும் வாளோடு வாள் மோதும் காட்சி உண்டெனின், தகடு 1.6 முதல் 2 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். அப்போது நிறை இரண்டு, இரண்டரைக் கிலோகிராமாக உயரும். அந்த நிறையை ஒரு மணிநேரம் கழுத்து தாங்குமா என்பதை ஒத்திகையிலேயே அறிந்துகொள்ளுதல் நன்று. அரங்கேற்றத்தன்று முதன்முறையாக அதனை அணிபவனின் வசனம் அரைவழியிலே நின்றுவிடும்.

மொறியனை ஒரே தகட்டிலிருந்து அடித்தெடுப்பது பெருந்திறமை வேண்டும் வேலை. ஆயின், பழைய மொறியன்கள் பல, இடம் வலமாக இரண்டு பாதிகளை அடித்து முகட்டின் வழியே இணைத்துச் செய்யப்பட்டவை. இம்முறை எமது ஊர்க் கொல்லர்களுக்கும் இயலக்கூடியது. இணைப்பின் உட்புறத்திலும் தறையாணிகளின் முனைகளிலும் கூர் எதுவும் எஞ்சாதவாறு அராவுதல் வேண்டும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த குல்லாய் இன்றியமையாதது. அடியின் வேகத்தைத் தணிப்பதும், இரும்பைத் தலையோடு அசையாமற் பொருத்துவதும் அக்குல்லாயே. ஆகவே, நெற்றிச் சுற்றளவைக் குல்லாய் அணிந்த பின்னரே அளக்கவேண்டும். வெறுந்தலையை அளந்து செய்வித்த கவசத்துக்குள் குல்லாய் நுழையாது. நாடிப்பட்டி தோலாலோ தடித்த துணியாலோ அமையலாம். குனியும்போது கவசம் முன்சரியாதிருப்பதே அதன் சோதனை.

படையினர் அனைவருக்கும் உருக்குத் தேவையில்லை. முன்வரிசையில் இருவர் மூவர் அணிந்தாற் போதும். இரும்பிலே வாள் மோதும் ஓசை அவர்களிடமிருந்து எழும். பின்னால் நிற்போருக்குக் கடுதாசிக் கூழ் அச்சிலே வார்த்தவை போதியன.

பேணல்

கடற்கரையிலே இரும்பு நெடுநாள் வாழ்வதில்லை என்பது வல்வெட்டித்துறையாருக்கு எவரும் கற்பிக்கவேண்டிய செய்தியன்று. இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் தேவை. உப்பு அதனை விரைவுபடுத்துகின்றது. வாடைக்காற்று வீசும் மாரிகாலத்திலே அலையின் தூவானம் வீட்டு முற்றம் வரை வருகின்றது. அதிற் கலந்துள்ள உப்பு தகட்டிற் படிந்து ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கின்றது. அணிபவனின் வியர்வையும் உப்புநீரே. பளபளப்பான தகட்டைத் தொட்டுவிட்டுத் துடையாதுவிட்டால், சில நாட்களில் விரலடையாளமே துருவாகத் தோன்றும்.

எனவே, ஒவ்வொரு முறையும் அணிந்த பின்னர் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, முற்றாக உலர்த்தி, எண்ணெய் பூசுதல் வேண்டும். தேங்காயெண்ணெய் கையருகே கிடைப்பதாயினும் இதற்கு ஏற்றதன்று. நாளடைவிற் காறிப் புளித்துப் பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெய் போன்ற கனிய எண்ணெயை மெல்லிதாகப் பூசலாம். நெடுநாள் வைப்பதாயின் தகட்டைச் சிறிது சூடாக்கித் தேன்மெழுகு தடவுதல் நன்று. பஞ்சுக் குல்லாயைக் கழற்றி வேறாக உலர்த்துதல் வேண்டும். வியர்வை ஊறிய குல்லாயோடு றங்குப்பெட்டியிற் பூட்டிவைத்த கவசம் அடுத்த சித்திரைக்குள் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுவிடும். சிறு துரு கண்டால் நுண்ணிய அரத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்க்கலாம்.

வெள்ளிநிற வர்ணம் பூசிவிட்டால் தொல்லை தீரும் என எண்ணுவோர் உளர். சரியாகத் துப்புரவாக்காது பூசிய வர்ணத்தின் கீழே துரு மறைந்து வளரும். இங்கு வரலாறே ஒரு நல்வழியைக் காட்டுகின்றது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சாதாரண வீரர்களின் கவசங்கள் எல்லாம் கண்ணாடி போல் மினுங்கியவை அல்ல. அவற்றுட் பல, சம்மட்டி பட்ட கரடோடு விடப்பட்டு, துருவைத் தடுக்கக் கருநிறம் பூசப்பட்டவை. துப்புரவாக்கிய தகட்டிற் கறுப்பு வர்ணம் பூசிய மொறியன் எமது உப்புக்காற்றையும் தாங்கும், காலத்துக்கும் பொருந்தும். மினுங்கும் இரும்பு தளபதி ஒருவனுக்கு மட்டும் இருக்கட்டும்.

இத்துருவே வரலாற்று மாணவனுக்கு வேறொரு பாடத்தையும் புகட்டுகின்றது. பொன்னும் யானைத்தந்தமும் கருவூலங்களில் எஞ்சுகின்றன. இரும்பும் துணியும் அழிந்துபோகின்றன. அதனால் அரசனின் சின்னங்கள் எமக்குக் கிடைக்க, அவனுக்காகப் போரிட்டவனின் தலையிலிருந்தது கிடைப்பதில்லை. அந்த வெற்றிடத்தை மேடையிலே நிரப்பும்போது அரசனின் முடியைச் சிறிதாக்கி வீரனுக்குச் சூட்டிவிடுகின்றோம்.

தலைப்பாகையின் உரிமை

நோர்வே மக்கள் தம் முன்னோரை உலகுக்குக் காட்டிய முறை ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1880 இலே கொக்ஸ்டாட் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கப்பலை ஒத்ததொரு கப்பலைக் கட்டி, 1893 இலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவுக்கு ஓட்டிச்சென்று, சிக்காகோ உலகக் கண்காட்சியிலே காட்சிக்கு வைத்தனர். மேடையிற் கொம்பு முளைத்துப் பதினேழு ஆண்டுகளின் பின்னர், கடலிலே ஓடிய அந்தக் கப்பல் வைக்கிங் மக்களின் உண்மையான திறமையை எடுத்துரைத்தது.

எமது ஊருக்கும் அத்தகையதொரு பெருமையுண்டு. 1930 இலே வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். அது ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்னும் புதுப்பெயரோடு எமது ஊர்க் கடலோடிகளால் ஓட்டிச்செல்லப்பட்டு, 1938 இலே மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அம்மனிதர் முடி சூடியவர் அல்லர். கவசம் பூண்டவரும் அல்லர். அவர்களது கதையை நாடகமாக்க முனைவோர், தண்டையலுக்கு வீரத் தோற்றம் தருவதற்காக அரச முடியையோ திரைப்படக் கப்பற்றலைவனின் தொப்பியையோ தேடவேண்டியதில்லை. வெயிலுக்கும் வியர்வைக்குமாகத் தலையிற் கட்டிய துணியே அவர்களின் வரலாற்று உரிமை.

போர்த்துக்கேயரின் தலைக்கவசம் எமது மண்ணிற் பழக்கத்துக்கு வரவில்லை. அவர்களது சப்பாத்தும் கதிரையும் அலுமாரியும் யன்னலும் சொற்களாக எமது வீடுகளிலே தங்கிவிட்டன. நாடகத்திலே அந்நியரை இரும்புத்தலை உருவங்களாக மட்டும் காண்பவன், தான் அமர்ந்திருக்கும் கதிரையிலும் அவர்களது வரலாறு இருப்பதை அறியாமற் போகின்றான்.

ஆகவே, வரலாற்று நாடகம் மேடையேற்றும் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கலாம். உடுப்புச் செய்விப்பதற்கு முன், ஒவ்வொரு தலையணிக்கும் எதிரே அதன் ஆண்டு எது, சான்று எது, சான்றின்றி ஊகித்தது எது என ஒரு தாளிற் குறித்தல் வேண்டும். நாடகத்தன்று வழங்கும் நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்திலே அதனை அச்சிடுதல் வேண்டும். அதற்கு அரைப்பக்கம் போதும், செலவும் சிறிது. நூலாசிரியனுக்குக் கிடைக்கும் ‘இருந்திருக்கலாம்’ என்னும் வசதியை அது நடிகனுக்கும் பெற்றுத் தரும். மணலிற் குந்தியிருந்து நாடகம் பார்த்த சிறுவன் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுசென்று, மறுநாட் பகலில் ஒருமுறை வாசிப்பானாயின், அவன் கண்ட முடி அவனை வினா எழுப்பத் தூண்டும்.